போயிருச்சுன்னு வெச்சுக்கலாமுங்க

லட்சுமணசாமி மூன்று வருஷமாகக் கோல்ஃப் ஆடுகிறார். இந்த மூன்று வருஷத்தில் அவருடைய பந்து ஒரு தரம்கூடக் குழியில் விழுந்ததில்லை. அதற்காக அவர் மோசமாக ஆடுகிறார் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. எழுதி வைத்த கணக்குப்படி அவர் நன்றாகவே ஆடுகிறார்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது சொன்ன மாத்திரத்தில் விளங்கிவிடும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கோல்ஃபில் ஒரு சலுகை உண்டு. பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றுவிட்டால், அடுத்த தட்டில் எப்படியும் உள்ளே போய்விடும் என்பதால், கூட ஆடுகிறவர் 'சரி, போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடலாம். அதற்கும் ஒரு அடியைச் சேர்த்து எழுதிவிட்டுப் பந்தை எடுத்துக்கொள்ளலாம். சீமையில் எவரோ நேரத்தை மிச்சம் பண்ணுவதற்குக் கண்டுபிடித்தது. அதைக் கொண்டுவந்து கொங்கு நாட்டுக்காரர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? பஸ்ஸில் காலியாகக் கிடக்கிற ஒற்றை சீட்டைப் பார்த்து, 'நீங்க உக்காருங்க', 'அட, நீங்க உக்காருங்க' என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பேரும் பல்லடம் வரைக்கும் நின்றுகொண்டு போகிற ஊர் இது. ஒரு சாண் ஒரு முழமாயிற்று. முழம் கட்டில் நீளமாயிற்று. அப்புறம் பந்து கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றாயிற்று.

லட்சுமணசாமி பிறந்தது தாராபுரத்துக்குப் பக்கம் ஒரு தோட்டத்தில். வாலிபத்தில் கோவைக்கு வந்து லேத்துப் பட்டறையில் நின்று, இப்போது கணபதியில் சொந்தமாகத் தண்ணீர்ப் பம்பு செய்கிறார். ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவருக்குச் சும்மா நடக்க வராது. மடை திருப்ப நடப்பார், அறுத்துக்கொண்டு போன மாட்டைத் தேடி நடப்பார். பூங்காவில் போட்ட வட்டப் பாதையில், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஒருவர் நடப்பதைப் பார்த்தால், அவர் வீட்டில் ஏதோ பிரச்சினை என்றுதான் அவருக்குத் தோன்றும். 'அப்படீன்னா கோல்ஃபுக்கு வாங்க' என்றார் டாக்டர். போய்ப் பார்த்தார். பந்தை அடிக்கிறார்கள், அது காணாமல் போகிறது, எல்லோரும் தேடிக்கொண்டு நடக்கிறார்கள். இது சரி என்று பட்டது.

கூட ஆட மூன்று பேர் சேர்ந்தார்கள். மூவரும் அவர் கம்பெனியோடு தொழில் தொடர்பு உள்ளவர்கள். பம்புக்கு வார்ப்பு போட்டுத் தருகிற பவுண்டரிக்காரர் காளிச்சாமி; வயதில் மூத்தவர், உறவு முறையில் மாமன். பம்புக்கு அட்டைப்பெட்டி செய்து தருகிற பெருந்துறை மோகன்குமார். நாற்பது வயது, யாரைக் கண்டாலும் அண்ணா. அப்புறம் ஆடிட்டர் கௌதமன். மேட்டுப்பாளையத்துக்காரர். பாக்குத் தோப்பில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்து, ஆடிட்டர் பரீட்சையை எழுதித் தேறி, இப்போது ஊர் பாதிக்கு வரிக் கணக்கு பார்க்கிறவர். இந்த மூன்று பேரும் சேர்ந்து லட்சுமணசாமியைக் கடைசித் தட்டுக்குக் குனிய விட்டதே இல்லை.

இதெல்லாம் ஒரு குறையாகவே அவருக்குத் தெரியாமல் இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு டிவியில் ஏதோ சீமை ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ராசாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரர் மெல்லத் தட்டினார். பந்து உருண்டு போய்க் குழியில் விழுந்தது. 'கொடக்' என்று ஒரு சத்தம்.

"ஏனுங், அதென்னுங் சத்தம்?"

"பந்து உளுந்த சத்தம்."

"மண்ணுக் குழிதானுங்க? மண்ணுல உளுந்தாத் தொப்புன்னல்லோ கேக்கோணும். இது கொடக்குங்குது."

"உள்ள டப்பா மாதிரி ஒண்ணு வெச்சிருப்பாங்க அம்மிணி."

"உங்களுது உளுகறப்பவும் இப்படித்தான் கேக்குங்களா?"

"ம்."

"தகர டப்பாங்களா, பிளாஸ்டிக்குங்களா?"

லட்சுமணசாமி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"என்னுங், மூணு வருசமாப் போறீங்க. டப்பா என்ன டப்பான்னு பாக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டு ராசாத்தாள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. பாத்திரம் பண்டம் என்றால் எதில் செய்தது என்று கேட்பது அவள் சுபாவம்.

இவருக்குத்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பம்பு தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தை வைத்தே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர். தன் பந்து விழுகிற சத்தம் தனக்கே தெரியாது என்பது மூன்று வருஷம் கழித்து ஒரு கீரைத் தட்டுக்கு முன்னால் தெரியவந்தது. பயிற்சித் திடலில் தனியாகப் போய்த் தட்டிப் பார்க்கலாமே என்றால் அங்கே பை தூக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். பம்புக்கார ஐயா குனிவதை அவர்களும் பொறுக்க மாட்டார்கள்.

நல்ல வேளையாக அந்த மாதம் நால்வரும் ஒரு சுற்றுப்பயணத்துக்கு ஏற்பாடு பண்ணியிருந்தார்கள். கோவை, வெலிங்டன், ஊட்டி, கொடைக்கானல் என்று பேர்பெற்ற நான்கு மைதானங்கள். ஒரு டெம்போ டிராவலர் பேசி, சமையல்காரரையும் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு போவதாகத் திட்டம். கோல்ஃபுக்குப் போனாலும் மத்தியானம் ரசம் வேண்டுமல்லவா. இந்த நான்கு இடத்தில் ஏதாவது ஒரு இடத்தில், ஒரே ஒரு தரம், என் பந்தை நானே போட்டுவிட வேண்டும் என்று லட்சுமணசாமி முடிவு செய்துகொண்டார். வேறு ஆசை ஒன்றும் அவருக்கு அந்தப் பயணத்தில் இல்லை.

முதலில் கோவை மைதானம். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. மயில்கள் நடமாடிக்கொண்டிருந்தன. முதல் அடி யார் அடிப்பது என்பதில் வழக்கம்போல நேரம் போயிற்று.

"மாமா, நீங்க பெரியவுங்க. நீங்க ஆரம்பிங்க."

"அட, நமக்கு வாழ்வு குடுக்கறவரு நீங்க இருக்கறப்ப நானா? ஆடிட்டரு மொதல்ல போடட்டும். படிச்சவரு."

"சார், நான் போயி முன்னாடி நிக்கறதா? மோகன் போடட்டும், சின்னவரு."

"அண்ணனுங்க மூணு பேரு இருக்கீங்க..."

கடைசியில் மயில் ஒன்று மேட்டில் ஏறி நின்றது. அது இறங்குகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் நான்கு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அடித்தார்கள். அதுதான் அவர்கள் எப்போதும் கண்ட தீர்வு.

குழியைச் சுற்றிப் புல்லை வழித்துவிட்டிருக்கும் தரைக்கு வந்து சேர்ந்தபோது, லட்சுமணசாமியின் பந்து குழிக்கு ஒரு கட்டில் நீளத்தில் நின்றது. அவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு மட்டையைப் பிடித்துக் குனிந்தார். அதற்குள் காளிச்சாமி ஓடிவந்து பந்தை எடுத்து, தன் துண்டில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"போயிருச்சுங்க மாப்ள."

"இல்லீங் மாமா, நானே தட்டிப் போட்டர்றேன்."

"அட, இதுக்குப் போயி நீங்க குனிஞ்சுக்கிட்டு. இடுப்புப் புடிச்சுக்கப் போகுது."

"சும்மா ஒருக்காத் தட்டிப் பாக்கறேங்க."

"போயிருச்சுங்கறேன்! நீங்க தட்டினாப் போகாமப் போயிருமாக்கும்?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேச லட்சுமணசாமியால் முடியவில்லை. நீட்டுகிற கையைத் தட்டிவிடுவது அவர் வளர்ந்த விதத்தில் இல்லை. பந்தை வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு, புல்லோரத்தில் கிடந்த காளிச்சாமியின் பந்தைத் தானே போய் எடுத்து, "உங்களுதும் போயிருச்சுங் மாமா" என்று கொடுத்தார். மோகன்குமாருடையதும் ஆடிட்டருடையதும் அப்படியே போயின. குழி பாட்டுக்குக் காலியாகக் கிடந்தது. பதினெட்டுக் குழியிலும் அதே கதை. ஒவ்வொரு குழியிலும் அவர் 'நானே போடறேன்' என்றார். ஒவ்வொரு தரமும் அவர்கள் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடிவந்தார்கள்.

மலையேறும்போது லட்சுமணசாமி ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் பாத்திரங்கள் உருண்டன. முன் சீட்டில் மற்ற மூவரும் குரலைத் தணித்துப் பேசுவது கேட்டது.

"அண்ணன் நம்ம மேல எதோ வருத்தத்துல இருக்கறாருங்க," என்றான் மோகன்குமார்.

"எனக்கும் அப்படித்தான் படுது. காலைலிருந்து நானே போடறேன், நானே போடறேன்னு. குடுத்தா வாங்க மாட்டேங்கறாரு," என்றார் காளிச்சாமி. "கோவத்துல இருக்கறவங்கதான் குடுத்தா வாங்க மாட்டாங்க. எங்கப்பன் பங்காளி ஊட்டுக்குப் போயி மோர் வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்தாரு. அதோட ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்ல."

"சார் நேத்துப் போன்ல கூப்பிட்டப்ப நான் அவசரத்துல 'ம்'னு சொல்லிட்டேன்," என்றார் கௌதமன். குரலில் கவலை இருந்தது. "சொல்லுங்க சார்னு சொல்லியிருக்கணும்."

"எதுவா இருந்தாலும் நம்ம பக்கம் கொறை வெக்கக் கூடாதுங்க. இன்னும் எச்சா மரியாதை பண்ணோணும்," என்றான் மோகன்குமார்.

லட்சுமணசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் பேசியதைத் தான் கேட்டுவிட்டது தெரிந்தால் அவர்கள் சங்கடப்படுவார்களே. குன்னூர் வரைக்கும் தூங்குகிறவர் மாதிரியே வந்தார். நடுவில் மரியாதைக்கு ஒரு குறட்டையும் விட்டார்.

வெலிங்டனில் எச்சு மரியாதை ஆரம்பமாயிற்று. சுற்றிலும் பச்சை மலை, நடுவில் சரிவும் மேடுமாக மைதானம். புல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். "இத்தனை தண்ணி உட்டு இந்தப் புல்லை வளத்தி, அதையும் மெசின் வெச்சு வெட்டி வீசறாங்களே. ஒரு பத்து எருமை நிக்குமுங்க இங்க," என்று காளிச்சாமி ஒவ்வொரு மேட்டிலும் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்துக்கு நடுவிலும் அவர் கடமை தவறவில்லை. லட்சுமணசாமியின் பந்து மணல் பள்ளத்தில் புதைந்து, பாதி மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. கொடி எங்கேயோ மேட்டுக்கு அந்தப் பக்கம். மூவரும் பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போயிருச்சுங்கண்ணா," என்றான் மோகன்குமார்.

"எங்க தம்பி போயிருச்சு? மண்ணுக்குள்ளயல்லோ கெடக்குது!"

"நீங்க அடிச்சா மேல வரும். வந்தாக் கொடிக்கிட்ட நிக்கும். நின்னா நாங்க போயிருச்சும்போம். எப்படியும் போறதுதானுங்களே. எதுக்கு வெய்யில்ல நின்னுக்கிட்டு?"

வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஆடிட்டரும் ஆமோதித்தார்.

மறுநாள் ஊட்டி. மேட்டில் நின்று பார்த்தால் பச்சைப் புல் அலை அலையாக இறங்கிப்போய், முள் புதர்களுக்கு நடுவில் தூரத்தில் ஒரு சின்னக் கொடி. லட்சுமணசாமி ஒரு உபாயம் வைத்திருந்தார். அடித்துவிட்டு மற்றவர்களுக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்துவிடுவது. அவர்கள் வருவதற்குள் குழியில் போட்டுவிடுவது. குளிர்காற்றில் மட்டையைத் தூக்கினார்.

"மாப்ள," என்றார் காளிச்சாமி.

"என்னுங் மாமா?"

"போயிருச்சுங்க."

"என்னது போயிருச்சு? நான் இன்னும் அடிக்கவே இல்லீங்களே!"

"அடிச்சுத்தான் தெரியோணுமாக்கும்? நீங்க நிக்கற நிப்பே சொல்லுதே. ஒரே அடி. நேரா உள்ள."

"ஒரே அடிங்கண்ணா!" என்று மோகன்குமார் கையைத் தட்டினான். ஆடிட்டர் பையிலிருந்து அட்டையை எடுத்து, அந்தக் குழிக்கு நேராக 'ஒன்று' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். தொழில்முறைக் கையெழுத்து.

உலகத்தில் எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்க ஆடியும் ஒரே அடியில் குழியில் போடும் பாக்கியம் கிடைக்காமலே போய்ச் சேருகிறார்கள். லட்சுமணசாமிக்கு அது பந்தைத் தொடாமலே கிடைத்தது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. மலையிறங்கி மேட்டுப்பாளையம் வந்தபோது சாலையோரம் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளக்ஸ் நின்றது. மோகன்குமார் மேலிருந்தே போன் போட்டு அடிக்கச் சொன்னது. 'உதகையில் ஒரே அடியில் குழி கண்ட கோவையின் கோமகனே!' என்று எழுதியிருந்தது. படத்துக்குக் கம்பெனிக் காலண்டரிலிருந்து எடுத்திருந்தார்கள். அதனால் லட்சுமணசாமி கோல்ஃப் மட்டைக்குப் பதிலாக ஒன்றரை குதிரைசக்தி மோட்டார் பம்பு ஒன்றை அணைத்துக்கொண்டு சிரித்தார். வண்டியை நிறுத்திச் சால்வை போர்த்தினார்கள். காய்கறி மண்டிக்கு வந்தவர்கள் இரண்டு பேர், எந்தக் கட்சி என்று தெரியாமலே வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். படம் வாட்ஸப்பில் ஏறி, வண்டி காரமடை தாண்டுவதற்குள் ராசாத்தாளிடமிருந்து போன் வந்துவிட்டது.

"ஏனுங், ஒரே அடியில போட்டுப்போட்டீங்களாமா! எங்கண்ணன் பொண்டாட்டி கூப்பிட்டுச் சொல்றா. தெருவெல்லாம் தெரிஞ்சுபோச்சு."

"ஆமா அம்மிணி."

"கொடக்குன்னு கேட்டுச்சுங்களா?"

வண்டிக்குள் மூன்று பேரும் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தூரம் அம்மிணி. நின்ன எடத்துக்குக் கேக்கல."

"அதுஞ் செரிதான். அத்தனை தூரத்துக்கு எப்படிங்க கேக்கும்," என்றாள் அவள், நம்பி.

அந்த நம்பிக்கைதான் அவரைச் சுட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் சொன்ன பொய்கள் எல்லாம் சர்க்கரை போட்ட டீயைப் பற்றியவை. அவற்றை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. இதை நம்பிவிட்டாள். மிச்சம் இருந்தது கொடைக்கானல் ஒன்றுதான். அங்கேயும் விழாவிட்டால், இந்த ஃபிளக்ஸோடும் சால்வையோடும் வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறி ராத்தங்கி, காலையில் இட்லிக்கு உட்கார்ந்தபோது லட்சுமணசாமி சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு எம்பந்தை யாருந் தொடக்கூடாது. நாந்தான் போடுவேன்."

மூவரும் இலையில் வைத்த கையை எடுக்கவில்லை. சட்டினி ஊற்ற வந்த சமையல்காரர் கரண்டியோடு அப்படியே நின்றார். அப்புறம் காளிச்சாமி எழுந்து, கை கழுவிவிட்டு வந்து, லட்சுமணசாமியை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாப்ள, எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க."

"என்னுங் மாமா தெரிஞ்சுது?"

"தை மாசம் எம்பேத்தி வர்ஷினிக்குக் காது குத்தினமே. நேருல வந்து வெத்தலை பாக்கு வெச்சு அழைக்காம வாட்ஸப்புல பத்திரிக்கை அனுப்பிப்போட்டேன். உங்களுக்கு மனசுல இருக்குமல்லோ. இருக்கோணும். நானா இருந்தா விசேசத்துக்கே வந்திருக்க மாட்டேன். நீங்க வந்து சாப்பிட்டுப்போட்டுப் போனீங்க, அது உங்க பெருந்தன்மை."

"அட, அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங் மாமா. எனக்குப் பந்தைப் போட்டுப் பாக்கோணும், அவ்வளவுதான்."

"புரியுதுங்க, புரியுதுங்க," என்று காளிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரியவில்லை என்பது லட்சுமணசாமிக்கு நன்றாகத் தெரிந்தது.

மைதானத்தில் முதல் குழிகள் பனிமூட்டத்தில் போயின. மூவரும் பந்தைத் தொடவில்லை. தொடாமல், லட்சுமணசாமி குனிகிற நேரம் பார்த்து ஒருவர் குடை பிடித்தார், ஒருவர் சால்வையை எடுத்துப் போர்த்தினார், ஒருவர் முழங்காலுக்குக் கீழே போட ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். இத்தனை உபசாரத்துக்கு நடுவில் பந்தைத் தட்ட முடியாமல் இவரே எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. ஒரு குழியின் பக்கத்தில் காட்டுமாடு ஒன்று, கருங்கல் பாறை மாதிரி நின்றுகொண்டிருந்தது. "நீங்க போங்க சாமி மொதல்ல, எங்களுக்கொண்ணும் அவசரமில்லீங்க," என்று காளிச்சாமி அதற்கும் வழிவிட்டார். அது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அந்தக் குழியும் போயிற்று.

நடுவில் காளிச்சாமியைக் காணோம். கடைசிக் குழிக்கு மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது அவர் அங்கே காத்துக்கொண்டிருந்தார். கையில் எவர்சில்வர் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மலைப்பூண்டு ஒரு கட்டு. டவுனுக்குள் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். லட்சுமணசாமியின் பந்து குழிக்கு ஐந்தாறு தப்படியில் இருந்தது. பந்துக்கும் குழிக்கும் நடுவில் நேராகத் தாம்பாளத்தை வைத்து, மேற்குப் பார்த்து நின்றவர் சுதாரித்துக் கிழக்குப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"வார தை மாசம்... இல்லீங்க, போன தை மாசம், எம்பேத்திக்குக் காதுகுத்து வெச்சிருந்துச்சுங்க. நீங்க குடும்பத்தோட வந்து நடத்திக் குடுத்திருக்கோணும்."

"வந்தேனுங்களே மாமா."

"இப்பக் கூப்படறேன். வாரன்னு சொல்லுங்க."

ஆனி மாதத்தில், கொடைக்கானல் மலை உச்சியில், நடந்து முடிந்த தை மாத விசேஷத்துக்கு லட்சுமணசாமி வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு, வருவதாகச் சொன்னார். காளிச்சாமிக்கு முகம் தெளிந்தது. "இப்பத்தான் எனக்குத் தின்ன சோறு செரிக்கும்," என்று சொல்லிக்கொண்டே, தாம்பாளத்தோடு பந்தையும் சேர்த்து எடுத்தார். "இதும் போயிருச்சுங்க மாப்ள."

"மாமா!"

அப்படி ஒரு சத்தம் அந்தத் தொண்டையிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. பம்பு கம்பெனியில் ஆள் கை மெஷினுக்குள் போகப் பார்த்தால் போடுகிற சத்தம். எங்கேயோ படுத்திருந்த காட்டுமாடு எழுந்து போவது கேட்டது.

"பந்தைக் கீழ வெய்யுங்க. எடுத்த எடத்துலயே. மூணு பேரும் அந்த மரத்துக்கிட்டப் போயி நில்லுங்க. கையைக் கட்டிக்குங்க. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் தொறக்கக்கூடாது."

மூவரும் போய் நின்றார்கள். கையையும் கட்டிக்கொண்டார்கள். லட்சுமணசாமி மட்டையைப் பிடித்தார். மாமனைப் பார்த்து இப்படிப் பேசிவிட்டோமே என்று உள்ளே ஒரு பக்கம் அழுதது. இன்னொரு பக்கம் குழி தெரிந்தது. குனிந்தார். தட்டினார்.

பந்து குழியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது.

அங்கே போய்த் தட்டினார். இந்தப் பக்கம் வந்தது. மூன்று வருஷமாக மரியாதையிலேயே வாழ்ந்த மனிதருக்குக் கடைசித் தட்டு தட்டவே தெரியவில்லை என்பது இப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பந்து குழியைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மரத்தடியில் மோகன்குமாருக்கு வேர்த்துக் கொட்டியது. காளிச்சாமி பார்க்கச் சகிக்காமல் மரத்தின் பக்கம் திரும்பி, பட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டார். பின்னால் ஆடி வந்த ஒரு கூட்டம் எட்டத்தில் நின்று காத்திருந்தது. ஆடிட்டர் வாய் பேசாமல் கையாலேயே அவர்களை முன்னால் போகச் சொன்னார். அவர்கள் ஈரோட்டுக்காரர்கள். "இல்லீங்க, நீங்க முடிச்சுக்குங்க. எங்களுக்கென்ன சோலி," என்று அங்கேயே நின்றுகொண்டார்கள்.

லட்சுமணசாமி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தள்ளிப் படுக்க வைக்கிற மாதிரி தள்ளினார். பந்து போயிற்று. விளிம்பில் நின்று யோசித்தது. விழுந்தது.

டிவியில் கேட்ட மாதிரி இல்லை. அதைவிட ஒரு படி கீழே, கொஞ்சம் ஈரமாக, விழுந்த பிறகு உள்ளே ஒரு அரைச் சுற்றுச் சுற்றி அடங்குகிற சத்தம். அவர் மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டு, பந்தை எடுக்காமல், சுவரைத் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக். அடியில் ஒரு சின்ன ஓட்டையும் இருந்தது, மழைத் தண்ணி இறங்க. இரண்டையும் ராசாத்தாளிடம் சொல்ல வேண்டும்.

எழுந்து திரும்பினார். மூன்று பேரும் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் இன்னும் சொல்லவில்லையே. "பேசலாமுங்க," என்றார்.

யாரும் கை தட்டவில்லை. காளிச்சாமி நெற்றியில் மரப்பட்டையின் அச்சோடு நாலு எட்டு முன்னால் வந்தார். குழியைப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள... நானும் ஒருக்காப் போட்டுப் பாக்கட்டுங்களா?"

"என்னுங் மாமா இது, கேக்கோணுமா?"

"இல்ல, என்னுதும் இன்னிவரைக்கும் உளுந்ததில்லீங்க. நாங் குனியறதுக்குள்ள நீங்க எடுத்துக் குடுத்துப்போடறீங்க."

லட்சுமணசாமி மோகன்குமாரைப் பார்த்தார். அவன் தன் ஷூவைப் பார்த்தான். ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் மெல்லத் தலையாட்டினார்.

"மூணு வருசமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ மாமா?"

"எப்படிங்க சொல்றது? நீங்க மரியாதைக்குச் செய்யறீங்க."

காளிச்சாமி தன் பந்தைக் கொண்டுவந்து வைத்தார். மட்டையைப் பிடித்த கையில் வெற்றிலை வாசம் இன்னும் இருந்தது. குனிந்து, மூச்சைப் பிடித்து, வார்ப்படத்தில் சம்மட்டி போடுகிற வேகத்தில் ஒரு போடு போட்டார். பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளிப் பாய்ந்து, சரிவில் இறங்கி, ஈரோட்டுக்காரர்கள் காலடியில் போய் நின்றது. அவர்கள் மரியாதையாக விலகி நின்றுகொண்டார்கள்.

அவர் நிமிர்ந்து லட்சுமணசாமியின் முகத்தைப் பார்த்தார். லட்சுமணசாமிக்கு நாக்கு நுனி வரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது. வலது கை பந்தை எடுத்துவரத் தானாக நீண்டது. இடது கையால் அதைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போகலீங் மாமா," என்றார். "அங்க போயி நின்னு மறுக்கா அடிங்க."

காளிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சரிவில் தடதடவென்று ஓடினார்.